பெட்டியின் புறமும் அகமும்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குவோன் முதலிற் காண்பது அதன் புறத்தோற்றம். அடுத்து எண்ணுவது அதனோடு சேர்ந்து வருவன யாவை என்பது. அதன் உட்கட்டு எத்தன்மைத்து என்பதையோ, கைப்பொருள் செலவாகி நாள் பல கழிந்த பின்னரே அறிகின்றான். இவ்வுண்மையை விளக்குதற்கு, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டு யந்திரங்கள் ஏற்ற சான்றாகும். மாணாக்கர் பலர் விரும்பும் பொருளாதலின், அற்பமென்று தள்ளாது அவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டுக் கடைகளில் இத்தகைய யந்திரங்கள் மூன்று ஒருகாலத்துத் தம்முட் போட்டியிட்டன. மைக்ரோசாப்ட் கம்பெனியாரின் எக்ஸ்பாக்ஸ் 360 என்பது 2005 நவம்பரில் வெளிவந்தது. சோனி கம்பெனியாரின் பிளேஸ்டேஷன் 3, நின்டெண்டோ கம்பெனியாரின் வீ ஆகிய இரண்டும் 2006 நவம்பரில் இரண்டு நாள் இடையிட்டு வந்தன.

முதற்கண் உடன்வரும் உறுப்புக்களை நோக்குவோம். எக்ஸ்பாக்ஸ் 360 இருவகையாய் விற்கப்பட்டது. 'கோர்' என்பதன் விலை ஏறத்தாழ 300 டாலர். 'பிரீமியம்' என்பதன் விலை ஏறத்தாழ 400 டாலர். முன்னதில் கம்பியுள்ள கைக்கருவி ஒன்றே இருந்தது. ஆடிய ஆட்டத்தைச் சேமித்து வைத்தற்கு இடமில்லை. பின்னதில் 20 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க், கம்பியில்லாக் கைக்கருவி, காதிலணிந்து பேசும் கருவி ஆகியன இருந்தன. சிக்கனம் கருதிக் கோரை வாங்கியவன், பின்னர் ஹார்ட் டிஸ்க்கைத் தனியே வாங்கின், அதற்கு ஏறத்தாழ 100 டாலர் கொடுத்தான். கூட்டிப் பார்ப்பின் அவன் செலவு 400 டாலரே. ஏனைய உறுப்புக்களோ அவனுக்குக் கிட்டவில்லை. குறைந்த விலை எப்போதும் குறைந்த செலவாகாது என்பது இதனாற் பெறப்படும்.

பிளேஸ்டேஷன் 3-இன் 60 ஜிகாபைட் வகை ஏறத்தாழ 600 டாலர். மின்னேற்றத்தக்க கைக்கருவியும், கம்பியில்லா இணையத் தொடர்பும், ப்ளூ-ரே தட்டு ஓட்டும் வசதியும் அதில் அமைந்திருந்தன. ஆயினும், உயர்தரப் படத்தையே பெருமையாய்ப் பேசிய அப்பெட்டியினுள் அப்படத்தைக் காட்டும் கேபிள் வைக்கப்படவில்லை. பழைய முறைக் கேபிளே இருந்தது. வீயின் விலை ஏறத்தாழ 250 டாலர். கைக்கருவி, துணைக்கருவி, தாங்கி, பாட்டரிகள் ஆகியவற்றோடு 'வீ ஸ்போர்ட்ஸ்' என்னும் ஆட்டத்தட்டும் அமெரிக்கப் பெட்டியில் இருந்தமையால், வாங்கிய அன்றே வீட்டார் கூடி ஆட முடிந்தது.

இனி உட்கட்டினை நோக்குவோம். எக்ஸ்பாக்ஸ் 360 மின்சாரம் மாற்றும் பகுதியைச் செங்கல் போன்ற தனிப் பெட்டியாய் வெளியே வைத்தது. பிளேஸ்டேஷன் 3 அதனை உள்ளேயே அடக்கியது. முன்னதன் உடல் மெலிந்தது. பின்னதன் உடல் பருத்து ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுடையதாயிற்று. ஆயினும் மெலிவும் பருமையும் உறுதிக்கு அளவுகோல் ஆகா. எக்ஸ்பாக்ஸ் 360 பொறிகள் பலவற்றில், மின்விசைப் பொத்தானைச் சூழ்ந்த விளக்கு வளையத்தின் மூன்று பகுதிகள் செந்நிறமாய் எரிய, பொறி செயலற்று நின்றது. ஆடும்போது சூடேறியும், நிறுத்தும்போது குளிர்ந்தும் வந்தமையால், உள்ளுறுப்புக்களின் நுண்ணிய இணைப்புக்கள் விண்டன என்பதை அக்கம்பெனியாரே 2021-இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் விளக்கினர். கடையில் நின்று பார்ப்பவன் கண்ணுக்கு அவ்விணைப்பு ஒருபோதும் புலப்படாது. பிளேஸ்டேஷன் 3-இலும் மஞ்சள் விளக்கெரிந்து நின்றுபோயின உள. ஆதலின் ஒன்றை முற்றும் புகழ்தலும் மற்றொன்றை முற்றும் இகழ்தலும் நடுநிலையன்று.

வீயின் பிழை வேறுவகைத்து. கையை வீசி ஆடுங்கால், கைக்கருவியை மணிக்கட்டிற் பிணித்த கயிறு அறுந்து, கருவி பறந்து பொருள்களை உடைத்தது. அக்கயிற்றின் கனம் 0.6 மில்லிமீட்டர். 2006 டிசம்பரில் அதனை 1 மில்லிமீட்டராக்கி, ஏறத்தாழ 32 லட்சம் கயிறுகளை இலவசமாய் மாற்றித்தர நின்டெண்டோ முன்வந்தது. 2007-இல் கைக்கருவிக்கு மெத்தென்ற உறையும் இலவசமாய் வழங்கிற்று.

பிழை நேர்தல் மனிதர் கைவினைக்கு இயல்பு. நேர்ந்தபின் செய்வதே செய்தவன் தகைமையைக் காட்டும். மைக்ரோசாப்ட் கம்பெனியார் அமெரிக்காவில் தொடக்கத்தில் 90 நாட்களுக்கே உத்தரவாதம் அளித்திருந்தனர். 2007 ஜூலையில், அச்செவ்விளக்குப் பிழைக்கு மட்டும் அதனை மூன்றாண்டுகளாக நீட்டினர். அதன்பொருட்டு நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினர். முதலிற் கவனியாத நுண்ணிய இணைப்பின் விலை அத்துணைப் பெரிதாயிற்று.

ஆதலின் இத்தகைய பொருளை வாங்கப் புகுவோர் மூன்று வினாக்களைத் தம்முட் கேட்டல் நன்று. இப்பெட்டியிலுள்ளவற்றைக் கொண்டே இதனை முழுதும் பயன்படுத்தலாகுமா? இதன் வெப்பம் வெளியேற வழி செவ்வையாய் உளதா? இது பழுதுபடின் செய்தவர் எத்துணைக் காலம் பொறுப்பேற்பர்? பெற்றோர் உழைத்தீட்டிய பணத்தைச் செலவிடும் மாணாக்கர்க்கு இவ்வினாக்கள் கடமையும் ஆகும். நாளை பொறியியல் வல்லுநராகப் போகின்றவர்க்கோ, யாரும் காணாத இணைப்பையும் காண்பார் உளர் என்று எண்ணி உறுதியாய் அமைத்தலே இப்பெட்டிகள் கற்பிக்கும் பாடமாம்.