டெராஹெர்ட்ஸ் அலைகளும் அருவி லேசரும்

256 அலைவெண் கொண்ட இசைக்கவையையும் 260 அலைவெண் கொண்ட இசைக்கவையையும் ஒருசேர ஒலிக்கச் செய்தால், விநாடிக்கு 4 விம்மல்கள் கேட்கும் என்பதை நாம் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறோம். வானொலிப் பெட்டியும் இதையொத்த வழியிலேயே இயங்குகிறது. நிலையத்திலிருந்து வரும் அலையோடு, பெட்டிக்குள்ளிருக்கும் அலையியற்றி தோற்றுவிக்கும் அலையைக் கலந்து, அவற்றின் வேறுபாட்டு அலைவெண்ணைப் பிரித்துப் பெருக்குகிறோம். இம்முறையை 1918-இல் வகுத்தவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங்.

எனவே, வரும் அலையை இம்முறையில் நுட்பமாக ஆராய வேண்டுமானால், ஏறத்தாழ அதே அலைவெண்ணுள்ள தூய அலையொன்று நம் கையில் இருக்க வேண்டும். வானொலி அலைகளுக்கு அது எளிது. டெராஹெர்ட்ஸ் அலைகளுக்கோ நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. அக்குறையைக் குறைகடத்தி லேசர் ஒன்று போக்கிய வரலாற்றை இங்குக் காண்போம்.

தேவை என்ன?

டெராஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு இலட்சம் கோடி அதிர்வுகள், அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட பகுதி இது. விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகங்களில் உள்ள ஆக்சிஜன் அணு 4.745 டெராஹெர்ட்ஸில் கதிர் வீசுகிறது. சூடான மேகம் தன் வெப்பத்தை இழப்பதற்கு இக்கதிர்வீச்சு ஒரு முக்கிய வழியாகும். வாயு நம்மை நோக்கி விநாடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், டாப்ளர் விளைவால் அலைவெண் ஏறத்தாழ 16 மெகாஹெர்ட்ஸ் கூடும். இது மூன்று இலட்சத்தில் ஒரு பங்கே. இதை அளந்தால்தான் வாயுவின் ஓட்டத்தை அறிய முடியும்.

பழைய வழிகள்

நுண்ணலையின் அலைவெண்ணைப் படிப்படியாகப் பெருக்கலாம். ஆனால் ஒவ்வொரு படியிலும் திறன் குறைந்துவிடும். 2009 முதல் 2013 வரை பணியாற்றிய ஹெர்ஷல் விண்கலத்தின் ஏற்பி, இவ்வழியில் 1.9 டெராஹெர்ட்ஸ் வரையே எட்டிற்று. வாயு லேசர்களும் உண்டு. 2004-இல் ஏவப்பட்ட ஆரா துணைக்கோளில் மெத்தனால் ஆவி லேசர் 2.5 டெராஹெர்ட்ஸில் பயன்பட்டது. ஆனால் வாயு லேசரில், மூலக்கூறு தரும் அலைவெண்களை மட்டுமே பெறலாம். நாம் விரும்பியதைப் பெற இயலாது.

சாதாரணக் குறைகடத்தி லேசரும் இதற்கு உதவாது. அதில் எலெக்ட்ரான் தாண்டி விழும் ஆற்றல் இடைவெளியைப் பொருளே நிர்ணயிக்கிறது. காலியம் ஆர்சனைடில் அது 1.4 எலெக்ட்ரான் வோல்ட்டு. 4.7 டெராஹெர்ட்ஸுக்கு வேண்டியதோ 0.02 எலெக்ட்ரான் வோல்ட்டு மட்டுமே!

படிப்படியாக விழும் எலெக்ட்ரான்

இச்சிக்கலுக்கு 1971-இல் கசாரினோவ், சூரிஸ் என்ற சோவியத் அறிஞர்கள் வழி காட்டினர். மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவு தடிப்புள்ள குறைகடத்திப் படலங்களை மாற்றி மாற்றி அடுக்கினால், எலெக்ட்ரானின் ஆற்றல் நிலைகளைப் படலங்களின் தடிப்பே பெரிதும் வகுக்கும். ஓர் அடுக்கில் ஒளித்துகளை வெளியிட்டு விழுந்த எலெக்ட்ரான், அடுத்த அடுக்கில் மீண்டும் விழும். பாறைக்குப் பாறை தாவி இறங்கும் அருவியைப் போன்று, ஓர் எலெக்ட்ரான் நூறு படிகளுக்கு மேல் இறங்குகிறது. ஆகவே இது குவாண்டம் அருவி லேசர் எனப்பெற்றது. 1994-இல் பெல் ஆய்வகத்தார் இதனை அகச்சிவப்பில் இயக்கினர். 2002-இல் இத்தாலியின் பீசா நகர ஆய்வாளரும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளரும் இணைந்து 4.4 டெராஹெர்ட்ஸில் இயக்கிக் காட்டினர்.

கண்ட பயன்

நீராவி இவ்வலைகளை விழுங்கிவிடுவதால், ஏற்பியை உயரே கொண்டு செல்ல வேண்டும். போயிங் 747 விமானத்தில் தொலைநோக்கியைப் பொருத்தி அமைத்த சோஃபியா என்னும் பறக்கும் ஆய்வகத்தில், 2014-இல் அருவி லேசர் 4.7 டெராஹெர்ட்ஸ் அலையைத் தந்தது. திரவ ஹீலியத்தின் குளிரில் இருந்த மீக்கடத்திப் படலம் இரு அலைகளையும் கலந்தது. அவ்வாண்டே செவ்வாயின் வளிமண்டலத்தில் அணுநிலை ஆக்சிஜன் அளக்கப்பட்டது. வெள்ளியின் பகற்பக்கத்திலும் இரவுப்பக்கத்திலும் அதனைக் கண்ட செய்தி 2023-இல் வெளியாயிற்று. சோஃபியா 2022-இல் ஓய்வு பெற்றது. எனினும், 2023 டிசம்பர் 31-இல் அண்டார்க்டிகாவிலிருந்து எழுந்து 57 நாட்கள் பறந்த கஸ்டோ பலூனும் அருவி லேசரைச் சுமந்து சென்றது.

எஞ்சியுள்ள பணி

அறை வெப்பநிலையில் பொருள்களின் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 0.026 எலெக்ட்ரான் வோல்ட்டு. லேசரின் படியோ அதைவிடச் சிறியது. ஆதலால் வெப்பம் எலெக்ட்ரான்களைக் கலைத்துவிடுகிறது. 2002-இன் லேசருக்கு ஏறத்தாழ -220 பாகை செல்சியஸ் குளிர் வேண்டியிருந்தது. 2020-இல், விட்டுவிட்டு ஒளிரும் நிலையில், -23 பாகை செல்சியஸ் வரை இயக்கினர். ஏற்பிக்கோ விட்டுவிட்டு வரும் துடிப்பு போதாது. இடையறாத, அலைவெண் பிறழாத அலை வேண்டும். கனத்த குளிர்விப்பான் இல்லாமலே அது கைகூடும் நாளில், சிறு துணைக்கோள்களும் இவ்வாய்வில் ஈடுபட முடியும். இயற்பியல் பயிலும் மாணவர்க்கு இங்கே செய்வதற்குரிய பணி இன்னும் நிறைய இருக்கிறது.