ஒரே பெயர், இரண்டு விதி



கோடை விடுமுறையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகள் கல்லூரியில் படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தன் நண்பர்களோடு கணினியில் ஒரு ஆட்டம் ஆடுவார். என்னையும் சேர்த்துக்கொண்டார். அதில் நான் செய்த ஒரு தப்பு எனக்கு நல்ல பாடமாக அமைந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டம் என்ன?

பெயர் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கினார்கள். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரர், மந்திரவாதி, வைத்தியர் என்று ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். "கதவை உடைக்கிறேன்" என்று சொன்னால் மட்டும் போதாது. இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்துத்தான் கதவு உடையும்.

ஊருக்கு ஒருவராக இருப்பவர்கள் ஒரே மேசையில் உட்கார முடியாதே! அதற்காகக் கணினி மேசைகள் வந்தன. ரோல்20 என்பது 2012-இல் வந்தது. ஃபவுண்டரி என்பது 2020-இல் வந்தது. வரைபடம், பகடை, பாத்திரத் தாள் எல்லாம் திரையிலேயே இருக்கும். விதிப்புத்தகங்களையும் இதில் சேர்க்கலாம். அப்படிச் சேர்க்கும் தொகுப்புக்கு மாட்யூல் என்று பெயர்.

சிக்கல் எங்கே வருகிறது?

இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. அதையே திருத்தி 2024-இல் மறுபடி வெளியிட்டார்கள். பெயர்கள் பெரும்பாலும் அதேதான். ஆனால் உள்ளே இருக்கும் விதி பல இடங்களில் வேறு. மூன்று உதாரணம் தருகிறேன்.

1. காயம் ஆற்றும் மந்திரம் (கியூர் ஊண்ட்ஸ்): 2014-இல் ஒரு எட்டு முகப் பகடை. 2024-இல் இரண்டு.
2. மருந்து குடித்தல்: 2014-இல் அந்த முறைக்கான முழுச் செயலும் அதற்கே போய்விடும். 2024-இல் கூடுதல் செயலாகக் குடித்துவிட்டு, அதே முறையில் வாளும் வீசலாம்.
3. களைப்பு: 2014-இல் ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு தண்டனை. 2024-இல் ஒரு படிக்கு 2 வீதம் இருபது முகப் பகடை எண்ணில் கழியும்.

அக்கா ஃபவுண்டரியில் இரண்டு புத்தக மாட்யூலையும் திறந்து வைத்திருந்தார். எனக்கு வைத்தியர் பாத்திரம். காயம் ஆற்றும் மந்திரத்தைத் தேடினேன். ஒரே பெயரில் இரண்டு வந்தன. மேலே இருந்ததை இழுத்து என் தாளில் போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி நடந்தது

ஒரு அண்ணன் ஒரு வருடமாக ஒரே வீரரை ஆடிக்கொண்டிருந்தார். அந்த வீரர் அடிபட்டு உயிர்ப்புள்ளி 0 ஆகி விழுந்துவிட்டார். நான் மந்திரம் போட்டேன். பகடையில் 2. அதோடு என் திறனுக்கு 3. ஆக 5 புள்ளியோடு எழுந்தார். உடனே அரக்கன் 9 புள்ளி அடித்தான். மறுபடி விழுந்தார். அதற்குப் பிறகு மூன்று முறை உயிர்ச் சோதனைப் பகடை தவறியது. வீரர் செத்துப்போனார்.

அப்போது இன்னொரு அக்கா, "ஒரு நிமிஷம், நான் முன்னாடி இதே மந்திரம் போட்டப்ப ரெண்டு பகடை உருண்டுச்சே!" என்றார். எல்லாரும் கத்த ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இங்கே நம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு உதவுகிறது. 9 புள்ளி அடியைத் தாங்க 10 புள்ளியாவது வேண்டும். திறன் 3 போக, பகடையில் 7 வர வேண்டும். ஒரு பகடையில் அதற்கு நிகழ்தகவு 16/64. இரண்டு பகடையில் 49/64. பார்த்தீர்களா? எந்தப் புத்தகம் என்பது சின்ன விஷயமே இல்லை!

அக்கா ஆட்டத்தை நிறுத்தினார். "தப்பு உன்னோடது மட்டும் இல்ல பாப்பா. ரெண்டையும் திறந்து வச்சது நான்தான்" என்றார். பிறகு எல்லாரிடமும் கேட்டார்: "இனிமே எந்தப் புத்தகம்? பகடை உருட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க." எல்லாரும் 2024 என்றார்கள். விடுபட்ட அந்த ஒரு பகடையை எல்லார் முன்னாலும் நான் உருட்டினேன். 5 விழுந்தால் பிழைப்பார். விழுந்தது 3. மொத்தம் 8. அடி 9.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பரவாயில்ல தங்கச்சி. எல்லாருக்கும் ஒரே விதியில தோத்தா அது தோல்வி. எனக்கு மட்டும் வேற விதின்னா அதுதான் அநியாயம்" என்றார்.

எப்படிச் சரி செய்வது?

மறுநாள் நானும் அக்காவும் உட்கார்ந்து சரி செய்தோம். அந்த முறை இதோ:

1. எது முதல் புத்தகம் என்று முதலிலேயே முடிவு செய்து, எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும்.
2. தேவையில்லாத மாட்யூலை அணைக்க வேண்டும். பழைய புத்தகத்தில் மட்டும் உள்ள ஒன்று வேண்டுமென்றால், அந்த ஒன்றுக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.
3. தாளைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். இது மிக முக்கியம்! புத்தகத்திலிருந்து இழுத்துப் போட்டது ஒரு நகல். மாட்யூலை அணைத்தாலும் அந்த நகல் தாளிலேயே இருக்கும். நாங்கள் அணைத்த பிறகும் என் தாளில் பழைய மந்திரம் அப்படியே இருந்தது. கையால்தான் நீக்கினோம்.
4. ஒரே வேலையை இரண்டு மாட்யூல் செய்தால் ஒன்றை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கழித்தல் இரண்டு முறை நடந்துவிடலாம்.
5. எதை மாற்றுவதற்கு முன்பும் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா?

2024 ஆகஸ்டில் டி அண்டு டி பியாண்டு என்ற இணையத்தளம், பாத்திரத் தாள்களில் உள்ள பழைய மந்திரங்கள் புதியவையாக மாறிவிடும் என்று அறிவித்தது. ஆட்டக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சில நாட்களிலேயே அந்த முடிவு மாற்றப்பட்டது. பழையதையும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆகவே பழையது கெட்டது, புதியது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் கூடாது.

கணினி நமக்காகப் பகடை உருட்டும், கூட்டும், கழிக்கும். எது நியாயம் என்று அது யோசிக்காது. இரண்டு விதி கொடுத்தால் இரண்டையும் காட்டும். முடிவு செய்ய வேண்டியது நாம்தான், அதுவும் பகடை விழுவதற்கு முன்பே.



ஒன்பதாம் வகுப்பு மாணவி