பேய் வேடமும் பிள்ளைகளின் பாதுகாப்பும்

அக்டோபர் மாதம் பிறந்ததும் பெருநகரக் குடியிருப்புகளின் அறிவிப்புப் பலகையில் நவராத்திரி, தீபாவளி அறிவிப்புகளோடு இப்போது மூன்றாவதாக ஒன்றும் இடம்பெறுகிறது. "அக்டோபர் 31, மாலை 7 மணி, குழந்தைகளுக்கான ஹாலோவீன் விருந்து, மாறுவேடத்தில் வரவும்." ஆங்கிலப் பள்ளிகளிலும் இது நுழைந்துவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகளைக் குடிவைத்திருக்கும் நம்மவர்களுக்கோ இது பேரப்பிள்ளைகளின் பண்டிகை.

2025-ஆம் ஆண்டில் அந்த நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் பேய் வேடமா என்று என் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. ஆறு வயதுப் பேத்தியோ தரையைத் தொடும் கறுப்பு நைலான் அங்கியில் தயாராக நின்றாள். போகுமுன் பாட்டியிடம் சொல்லிக்கொள்ளப் பூஜை அறைக்குச் சென்று, விபூதி இட்டுக்கொண்டு திரும்பினாள். அங்கியின் ஓரம் குத்துவிளக்கின் சுடரைத் தொட்டது. பக்கத்தில் நின்ற மருமகள் ஒரே இழுப்பில் அங்கியை உருவி எறிந்து மிதித்து அணைத்தாள். ரூபாய் நாணயம் அளவு ஓட்டை. அதன் விளிம்பெல்லாம் உருகிக் கட்டியாகியிருந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ரயில்வேயில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. விபத்து நடந்தபின் விசாரிப்பதைவிட, நடக்காமல் தப்பிய விபத்தை விசாரிப்பது மேல். அந்த விசாரணையே இக்கட்டுரை.

பண்டிகை வந்த வழி

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்ட் இன மக்களுக்கு நவம்பர் முதல் தேதி குளிர்காலத்தின் தொடக்கம். அறுவடை முடிந்து, மேய்ச்சலுக்குப் போன கால்நடைகள் தொழுவம் திரும்பும் காலம். அதற்கு முந்தைய இரவில் இவ்வுலகுக்கும் மறு உலகுக்கும் இடையே உள்ள கதவு திறந்துகொள்ளும் என்று நம்பினார்கள்.

கிறித்தவத் திருச்சபை நவம்பர் 1-ஐச் சகல புனிதர்களின் திருநாளாகக் கொண்டாடியது. அதற்கு முந்தைய மாலையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரே தேய்ந்து ஹாலோவீன் ஆயிற்று. மறுநாள் நவம்பர் 2, இறந்த ஆன்மாக்களுக்கான நாள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைத் தூய்மை செய்து, பூச்சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாளும் இதுவே. ஆக, இந்தப் பண்டிகையின் உறவு நாள் ஒன்று நம்மவரிடையே வெகுகாலமாகவே இருக்கிறது.

இங்கிலாந்தில் ஏழைகள் அந்நாட்களில் வீடு வீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டு, சிறு கேக்குகளைப் பெற்றார்கள். ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் வேடமிட்டுச் சென்று, ஒரு பாட்டோ கதையோ சொல்லிப் பழமும் கொட்டையும் வாங்கினார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைப்பது பழைய வழக்கம். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து மக்கள் திரளாக அமெரிக்காவில் குடியேறினார்கள். அங்கே தாராளமாகக் கிடைத்த, குடைவதற்கும் எளிதான பூசணிக்காய் டர்னிப்பின் இடத்தைப் பிடித்தது. குடிபெயர்ந்தவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு பண்டிகையைக் காப்பாற்றிக்கொள்வார்கள் என்பது நமக்குத் தெரியாததா!

வங்காளத்திலும் காளி பூஜைக்கு முந்தைய இரவு பூத சதுர்த்தசி. 14 வகைக் கீரை சமைத்து, 14 விளக்கு ஏற்றி முன்னோரை நினைப்பார்கள். இருள் கூடும் பருவத்தில் இறந்தவரை நினைப்பதும் விளக்கேற்றுவதும் பல மக்களுக்குப் பொதுவானவை. எனவே இப்பண்டிகையைக் கண்டு மிரளவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம்.

நாம் பயப்படுவது எதற்கு?

பெற்றோர்கள் பெரிதும் அஞ்சுவது, முன்பின் தெரியாதவர் கொடுக்கும் மிட்டாயில் விஷம் இருக்குமோ என்பதற்கே. அமெரிக்கச் சமூகவியல் பேராசிரியர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான பத்திரிகைச் செய்திகளைத் தேடி ஆராய்ந்தார். வீடு வீடாகச் சென்று வாங்கிய தின்பண்டத்தால், அறியாதவர் கைவரிசையில் ஒரு குழந்தை இறந்ததாகவோ படுகாயமுற்றதாகவோ உறுதியான நிகழ்ச்சி ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-இல் டெக்ஸாஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடியால் இறந்தது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தவன் காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்தத் தகப்பன்.

மிட்டாயைப் பார்த்துக் கொடுப்பது நல்ல பழக்கந்தான். ஆனால் கவனமெல்லாம் மிட்டாய்ப் பையில் இருக்கும்போது ஆபத்து வேறு வழியாக வருகிறது.

உண்மையான ஆபத்துகள்

முதலாவது சாலை. அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரை 42 ஆண்டுகளின் சாலை விபத்துகளை ஆராய்ந்த முடிவுகள் 2019-இல் வெளியாயின. ஹாலோவீன் அன்று மாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை நடந்தவற்றை, ஒரு வாரம் முன்னும் பின்னும் அதே நேரத்தில் நடந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் அன்று 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கோ அது பத்து மடங்கு!

காரணம் எளிது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் அவ்வளவு தூரம் ஓடிவிடும். அதன்பின்தான் வேகம் குறையத் தொடங்கும். இருட்டில் கறுப்பு உடை கண்ணுக்குத் தெரிவதே தாமதமாக. ரயில் பாதையில் வேலை செய்பவர்களுக்கு ஒளிரும் மேலுடை கொடுப்பது இதற்காகத்தான். நம் குடியிருப்புகளில் இதே ஆபத்து கார் நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையில் இருக்கிறது. விருந்து தொடங்கும் 7 மணிதான் அலுவலகத்திலிருந்து கார்கள் திரும்பும் நேரமும்.

இரண்டாவது நெருப்பு. நைலானும் பாலியெஸ்டரும் எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அகன்ற கையும் நீண்ட ஓரமும் சுடரைத் தேடிப் போகும்.

மூன்றாவது கூட்டம். 2022 அக்டோபர் 29 அன்று, தென்கொரியத் தலைநகர் சியோலின் இட்டேவோன் பகுதியில் ஹாலோவீன் கொண்டாட வந்த கூட்டம் ஒரு குறுகிய சரிவுச் சந்தில் நெரிந்து 159 உயிர்கள் போயின. பெரும்பாலோர் இளைஞர்கள். நெரிசலில் மார்பு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு நின்றுவிடும். மும்பையில் 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலைய நடைமேம்பாலத்தில் 23 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவைக்க வேண்டும்: தோளோடு தோள் உரசி, உங்கள் விருப்பப்படி கையை அசைக்க முடியாத நிலை வருமுன்பே வெளியேறிவிடுங்கள்.

நான்காவது, வீடு மாறிப்போவது. 1992 அக்டோபர் 17 அன்று, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் படிக்க வந்திருந்த 16 வயது ஜப்பானிய மாணவன் யோஷிஹிரோ ஹத்தோரி, ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீட்டு எண்ணைத் தவறாகக் கொண்டு வேறு வீட்டு மணியை அடித்தான். வீட்டுக்காரர் துப்பாக்கியுடன் வந்து "ஃப்ரீஸ்" என்றார். அசையாதே என்று அதற்குப் பொருள். பையன் அதை உணராமல் அவரை நோக்கி நடந்தான், சுடப்பட்டு இறந்தான். குற்ற வழக்கில் சுட்டவர் விடுதலையானார். அயல்நாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நாம், அந்த ஒரு சொல்லையும் சேர்த்தே கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. உடையின் ஓரம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். பருத்தி உடை நல்லது. ஆனால் அதுவும் தீப்பிடிக்கும் என்பதை மறவாதீர்கள்.

2. முகமூடி பக்கப் பார்வையை மறைக்கும். முகத்தில் வண்ணம் தீட்டுவது மேல். முதல் நாளே முன்கையில் சிறிது தடவிப் பாருங்கள். அரிப்பு கண்டால் வேண்டாம்.

3. முதுகிலும் பையிலும் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டை ஒட்டுங்கள். கையில் டார்ச் கொடுங்கள். சிறுவர்களுடன் பெரியவர் ஒருவர் செல்ல வேண்டும்.

4. வேடமிட்டபின் பூஜை விளக்கு, அடுப்பு, மெழுகுவர்த்தி இருக்கும் இடத்துக்குப் போகக்கூடாது. சாமி கும்பிட்டுவிட்டுப் பிறகு வேடம் போடட்டும். உடையில் தீப்பற்றினால் ஓடாதே, நில், கீழே படு, முகத்தை மூடிக்கொண்டு உருள் என்று வீட்டிலேயே பழக்குங்கள்.

5. பூசணிக்குள் பாட்டரி விளக்கு வையுங்கள். ஆனால் அதிலுள்ள பொத்தான் பாட்டரியின் மூடி திருகாணியால் இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

6. புகைக்காக உலர் பனிக்கட்டி வேண்டாம். அது சுழியத்துக்குக் கீழே 78 டிகிரிக் குளிர். தொட்டால் தோல் புண்ணாகும். வாயில் போட்டால் பேராபத்து. மூடிய அறையில் மூச்சுத் திணறும்.

7. நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கடின மிட்டாயும் முழுக் கொட்டைகளும் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். வேர்க்கடலை ஒவ்வாத குழந்தை உண்டா என்று முன்னரே கேளுங்கள்.

8. விருந்து நடத்துபவர்கள் மாடிப்படி விளக்குகளை அணைக்கக்கூடாது. அந்த இரண்டு மணி நேரமாவது கார்ச் சரிவில் ஒருவரைக் கைவிளக்குடன் நிறுத்துங்கள்.

9. அமெரிக்காவில் இருப்பவர்கள், வாசல் விளக்கு எரியும் வீடுகளுக்கு மட்டுமே பிள்ளைகளை அழைத்துச் செல்லட்டும். வாசல் விளக்கை ஏற்றியிருப்பதுதான் அங்கே வரவேற்பின் அடையாளம்.

எங்கள் வீட்டில் அந்த ஓட்டை விழுந்த அங்கியைத் தூக்கி எறியவில்லை. மருமகள் அதை முழங்கால் அளவுக்கு வெட்டி, முதுகில் வெள்ளிப் பட்டை தைத்து வைத்திருக்கிறாள். அடுத்த ஹாலோவீனுக்கு விளக்கு வைத்து, கும்பிட்டு முடித்தபின்தான் வேடம் என்று பாட்டி விதி போட்டிருக்கிறார். பேத்தியும் ஒப்புக்கொண்டாள். பேயிடமிருந்து பிள்ளைகளைக் காக்க நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இருட்டிலிருந்தும் நெருப்பிலிருந்தும் நெரிசலிலிருந்தும் காப்பது நம் கையில் இருக்கிறது.