திரையில் ஒரு வேல்: படவுரு வரையும் பாடம்

கணினித் திரையில் வரிசையாக நிற்கும் சின்னச் சின்னப் படங்களுக்குத் தமிழில் படவுரு என்று பெயர். ஆங்கிலத்தில் ஐகான். ‘உருவம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தெய்வத் திருவுருவத்தையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். நமக்கு இது புது விஷயம் இல்லை நண்பர்களே. வேல் தெரிந்தால் முருகன், துதிக்கை தெரிந்தால் பிள்ளையார். திரைக்குப் பின்னால் நிழலாக நின்றாலும் சொல்லிவிடுவோம், பெயர்ப்பலகை வேண்டாம். நல்ல படவுருவுக்கும் அதே சோதனைதான்.

இந்தப் பாடத்துக்குக் காரணம் ஒரு பழைய கணினி. சுங்கை பட்டாணி பக்கம், தோட்டம் போய் வீடமைப்பு வந்த ஒரு தாமானில், கோயில் மண்டபத்துக்கு எங்கள் இளைஞர் பகுதி அதைச் சரிசெய்து கொடுத்தது. லினக்ஸ் போட்டோம். அர்ச்சனைப் பதிவு, நன்கொடை ரசீது, மண்டப வாடகை, திருமுறை வகுப்பு, மரண சகாய நிதி, பழைய தோட்டப் படங்கள் என்று ஆறு வேலை. ஆறுக்கும் ஆறு படவுரு வேண்டும். பொறியியல் படிக்கிறேன் என்பதால் வரையும் வேலை என் தலையில் விழுந்தது.

“இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, இணையத்தில் இருந்து எடுத்துப் போடு” என்று ஒரு நண்பன் சொன்னான். ஆனால் யார் அந்தக் கணினி முன்னால் உட்காரப்போவது? பொருளாளர் மாமா, திருமுறை ஆசிரியை, இரண்டு மூன்று அத்தைமார்கள். தமிழ் வாசிப்பார்கள், ஆனால் கண்ணாடியை வீட்டில் விட்டு வந்த நாளில் அதுவும் சிரமம். இரவு பத்து மணிக்கு ஒருவர் தவறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சந்தா கட்டியிருக்கிறாரா என்று பார்த்து உடனே பணம் எடுத்துக் கொடுக்க வேண்டும். இறந்தவர் வீட்டுப் பிள்ளை எதிரில் நிற்கும்போது, மவுஸைப் பிடித்துக்கொண்டு எங்கே எங்கே என்று தேட முடியுமா?

இந்தக் கேள்வியை முதலில் ஒழுங்காகக் கேட்டவர்கள் செராக்ஸ் நிறுவனத்தார். 1981-இல் அவர்கள் வெளியிட்ட ‘ஸ்டார்’ என்ற அலுவலகக் கணினியில்தான் கோப்பு, கோப்புறை, அஞ்சல் எல்லாம் படங்களாகக் கடைக்கு வந்தன. அதற்கு முன் நான்கு வடிவமைப்பாளர்கள் நான்கு தனித்தனித் தொகுதிகள் வரைந்தார்கள். எது அழகு என்று மேலாளர் கைகாட்டித் தேர்ந்தெடுக்கவில்லை. கணினியே பழகாத ஆட்களைக் கூப்பிட்டு, படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டார்கள். பிறகு பல படங்களுக்கு நடுவில் ஒன்றைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். பிடித்திருக்கிறதா என்ற கேள்வியும் இருந்தது, ஆனால் அது மட்டும் இல்லை.

நம் கூட்டங்களில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். புரஜெக்டரில் சுவர் அளவுக்குப் படத்தைப் போட்டு, “எப்படி இருக்கு?” என்று கேட்போம். “நல்லா இருக்கு தம்பி” என்பார்கள். அதோடு முடிந்தது. நம் பெரியவர்கள் பிள்ளைகள் மனசு நோகக்கூடாது என்று நினைப்பவர்கள். அதனால் ‘எப்படி’ என்ற கேள்வியையே எடுத்துவிடுங்கள். உண்மையான அளவில், விரல் நகம் அளவுக்குக் காட்டி, “இது என்னன்னு சொல்லுங்க” என்று கேளுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதீர்கள். பேசாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

இப்போது வரைவது பற்றி. 1983-இல் ஆப்பிள் மெக்கின்டாஷுக்குப் படவுரு வரைந்த சூசன் கேர் கணினிக்காரர் அல்ல, கலை படித்தவர். கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, 32-க்கு 32 கட்டத்தில் கறுப்பு வெள்ளையாக நிரப்பிப் பார்த்தார். மொத்தம் 1,024 கட்டம். நம் வீட்டு வாசலில் அம்மா புள்ளி வைத்துக் கோலம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை புள்ளி என்று முதலில் முடிவாகும், பிறகுதான் கோடு.

நீங்களும் வண்ணத்தில் ஆரம்பிக்காதீர்கள். கறுப்பில் புரியாத படம் வண்ணத்தில் புரியாது, வண்ணம் அந்தக் குறையை மறைக்க மட்டும் செய்யும்.

வேல் வரையும்போது ஒரு சிக்கல் வரும். வேலுக்கு நடுக்கோடு வேண்டும். 16-க்கு 16 கட்டத்தில் நடு வரிசையே கிடையாது, ஏனென்றால் 16 இரட்டைப்படை. ஒன்று, தண்டை இரண்டு கட்டம் அகலமாக்க வேண்டும். அல்லது 15 வரிசைக்குள் வரைந்து ஒரு வரிசையைக் காலியாக விட வேண்டும். பெரிய படத்தை அப்படியே சுருக்கினால் என்ன ஆகும்? 32-இல் ஒரு கட்டம் இருந்த தண்டு 16-இல் அரைக் கட்டம் ஆகிவிடும். அரைக் கட்டத்தைத் திரை காட்டாது, அதற்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஒரு முழுக் கட்டத்தைக் காட்டும். வேல் புகைபிடித்த மாதிரி தெரியும். அதனால் ஒவ்வோர் அளவுக்கும் தனியாக வரைய வேண்டும்.

இதை விதியாகவே எழுதி வைத்தவர்கள் ‘டாங்கோ’ திட்டத்தார். 2005-இல் யாக்குப் ஸ்டைனரும் இன்னும் சிலரும் சேர்ந்து தொடங்கிய கூட்டு முயற்சி அது. லினக்ஸ் மென்பொருள்களை ஆளுக்கொரு நாட்டில் இருந்து எழுதுவார்கள், படவுருவும் ஆளுக்கொரு பாணியில் இருக்கும். திரையைத் திறந்தால் கல்யாண வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பு மாதிரி. டாங்கோவினர் ஒரே வண்ணத் தொகுதி, ஒரே பக்கத்து வெளிச்சம், ஒரே வகை ஓரக்கோடு என்று வகுத்தார்கள். 2009-இல் அந்தப் படங்களைப் பொதுச் சொத்தாக விட்டுவிட்டார்கள். யாரும் எடுத்து மாற்றலாம், அனுமதி கேட்க வேண்டாம். நாங்களும் அதில் இருந்துதான் தொடங்கினோம்.

கூட்டாகச் செய்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒருவர் சிவப்பு என்பார், ஒருவர் இன்னும் பெருசு என்பார், ஒருவர் ஓரத்தில் மயிலிறகு வை என்பார். எல்லாவற்றையும் கேட்டுச் சேர்த்தால் அது படவுரு அல்ல, தேர். “சிவப்பாப் போடு” என்று ஒருவர் சொன்னால் “எது தெரியலீங்க மாமா?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். குறையைப் பார்ப்பவர்கள் சொல்லட்டும், அதைத் தீர்க்கும் வழியை வரைபவர் ஒருவரே தேடட்டும் என்பது என் கட்சி. மெக்கின்டாஷில் கட்டளை விசைக்கு ஆப்பிள் சின்னத்தையே போட்டிருந்தார்கள். பட்டியல் முழுக்க ஆப்பிள் பழமாகத் தெரிகிறதே என்று ஸ்டீவ் ஜாப்ஸ் கோபித்துக்கொண்டார். வேறு என்ன போடலாம் என்று அவர் சொல்லவில்லை. சூசன் கேர்தான் சின்னங்கள் அடங்கிய ஒரு நூலைப் புரட்டி, சுவீடனில் பார்க்கத்தக்க இடங்களைக் குறிக்கும் நான்கு மூலைச் சுழியைக் கண்டுபிடித்தார். இன்றுவரை அந்த விசையில் அதுதான் இருக்கிறது.

எங்கள் மண்டபத்துக்கு வருவோம். திருமுறை வகுப்புக்குப் பிள்ளையார் படம் வைக்கலாம் என்று தம்பிகள் சொன்னார்கள். ஓர் அத்தை கேட்டார்: “சாமி படத்தைப் போட்டு, அது மேல எலியை வச்சுத் தட்டுவீங்களாடா?” முதலில் சிரித்தோம். மூஞ்சூறு அவருக்கு வாகனம்தானே என்று ஒருவன் சமாளித்தான். ஆனால் அத்தை சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. திரையில் இருக்கும் எதையும் யாராவது ஒரு நாள் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போடுவார்கள். திருவுருவம் வேண்டாம், பொருளை மட்டும் வரைவோம் என்று முடிவானது. வகுப்புக்கு ஏடு, அர்ச்சனைக்குத் தேங்காய்த் தட்டு. வேல், கோயிலின் பொதுச் சின்னமாக எல்லாவற்றுக்கும் மேலே.

கைப்பேசியில் கோயிலுக்கு ஒரு சின்னம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். தேவாலயம் 2009-இலும் மசூதி 2015-இலும் யூனிகோடில் சேர்ந்தன. இந்துக் கோயிலும் அகல் விளக்கும் 2019-இல்தான் வந்தன. என் கைப்பேசியில் அந்தக் கோயிலுக்கு வடநாட்டு வளைந்த கோபுரமும் உச்சியில் கொடியும் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவரிடம் காட்டினேன். “இது என்னய்யா, கேக்கா?” என்றார். அவர் கும்பிட்டு வளர்ந்தது பால்மரத்து ஓரத்தில், தகரக் கூரைக்குக் கீழே நட்ட சூலம்.

எல்லாவற்றையும்விட அதிகம் இழுத்தது மரண சகாய நிதி. மாலை போட்ட படம் வரைந்ததும் பெரியவர்கள் முகம் சுருங்கியது, “காலங்காத்தால திறந்ததும் இதுவா கண்ணுல படணும்?” உதவி என்று காட்ட இரண்டு கைகள் சேர்ந்திருப்பதை வரைந்து, “இது என்ன?” என்று கேட்டுப் பார்த்தோம். பாதிப் பேர் கல்யாணம் என்றார்கள்! பக்கத்திலேயே மண்டப வாடகை வேறு இருக்கிறது. பாதுகாப்புச் சின்னங்களைச் சோதிக்கும் அமெரிக்கத் தரத்தில் 85 விழுக்காட்டினர் சரியாகச் சொல்ல வேண்டும், அதோடு 5 விழுக்காட்டுக்கு மேல் நேர் எதிர்ப் பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. புரியாமல் போவது ஒரு குறை. சாவைக் கல்யாணம் என்று எடுத்துக்கொள்வது வேறு வகைக் குறை. அதைத் தனியாக எண்ண வேண்டும்.

வழி சொன்னது, சந்தா வசூலிக்கும் அக்கா. தீர்வாக அவர் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாக, “எல்லார் வீட்டு அலமாரியிலயும் அந்த மஞ்சள் புக்கு இருக்குமே” என்றார். நிதிக்கு உறுப்பினர்களிடம் கொடுத்திருக்கும் சந்தாப் புத்தகம். மஞ்சள் அட்டை, முதுகில் கறுப்புத் துணிப்பட்டை. அதையே வரைந்தோம். அட்டையில் எழுத்து இல்லை, மாலை இல்லை, கை இல்லை. அடுத்த ஞாயிறு காட்டியபோது ஒருவரைத் தவிர எல்லாரும் உடனே சொன்னார்கள். அந்த ஒருவர் உறுப்பினர் இல்லை.

பழைய தோட்டப் படங்களுக்கு மட்டும் இன்னும் முடிவில்லை. காண்டா கம்பில் இரு பக்கமும் பால்வாளி தொங்குகிற மாதிரி வரைந்திருக்கிறேன். நிழலுருவம் தெளிவு, 16 கட்டத்திலும் நிற்கிறது. மரம் வெட்டிய பெரியவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகள் எல்லாரும் தராசு என்கிறார்கள். போன வாரம் ஒரு சின்னப் பையன் “நீதிமன்றமா அண்ணே?” என்று கேட்க, பின்வரிசையில் இருந்த தாத்தா ஒருவர் எழுந்து, மண்டபத்து விளக்குமாற்றுக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் பெயின்ட் வாளியை மாட்டி, சிந்தாமல் எப்படி நடப்பது என்று நடந்து காட்டினார். படவுருச் சோதனை அன்றைக்கு அதோடு நின்றுபோனது. பையன்கள் எல்லாரும் வரிசையில் நின்று கம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.