தரவுத்தளமும் காவலும்

காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில், வந்திறங்கிய பண்டங்கள்மீதும் ஏற்றப்படும் பண்டங்கள்மீதும் சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பண்டத்தைக் களவினின்று காத்தல் ஒரு பணி. இஃது ஆராய்ந்து ஏற்கப்பெற்ற பண்டம் எனச் சான்றளித்தல் மற்றொரு பணி. இவ்விரண்டும் இன்று துறைமுகத்தின் தரவுத்தளங்களுக்கும் வேண்டப்படுகின்றன. இராயபுரம் முதல் எண்ணூர் வரை, கண்டெய்னர் லாரிகளின் ஓசையோடு வாழும் நாம் இதனை அறிந்திருத்தல் நன்று.

மறை காத்தல்: 1973இல் அமெரிக்க அறிஞர்களான டேவிட் பெல், லெனார்ட் லபடுலா இருவரும் ஒரு மாதிரியை வகுத்தனர். கீழ்நிலையினர் மேல்நிலைச் செய்தியைப் படித்தலாகாது. மேல்நிலையினர் தாம் அறிந்ததைக் கீழ்நிலை ஏட்டில் எழுதுதலாகாது என்பன அதன் இரு விதிகள். இரண்டாம் விதி, மறைபொருள் மெல்லக் கசிவதைத் தடுப்பதாகும். மறை வெளிப்பட்டால் நேர்வது யாது? பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் 2011 முதல் ஈராண்டுகள் போதைப்பொருள் கடத்துவோர் கணிப்பொறிகளுள் ஊடுருவினர். தம் சரக்கு மறைந்திருந்த கண்டெய்னரின் இருப்பிடத்தையும் விடுவிப்புக் குறியீட்டையும் அறிந்து, உரியவர் வருமுன்னரே எடுத்துச் சென்றனர்.

மெய்ம்மை காத்தல்: 1975இல் கென்னத் பிபா இவ்விதிகளைத் தலைகீழாக்கினார். நம்பகம் குறைந்தவர் நம்பகம் மிக்க பதிவை மாற்றுதல் கூடாது. நம்பகம் மிக்க பணி, நம்பகம் குறைந்த செய்தியை ஆதாரமாகக் கொள்ளுதலும் கூடாது. 1987இல் கிளார்க், வில்சன் இருவரும் வணிக உலகின் வழக்கத்தை இதனுடன் இணைத்தனர். அதன்படி, பதிவு செய்பவர் ஒருவர்; ஒப்புதல் அளிப்பவர் வேறொருவர்.

இதன் இன்றியமையாமையை உணர நாம் மணலிவரை சென்றால் போதும். 2015இல் சுங்கத்துறை கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட், அங்கு 37 கண்டெய்னர்களில் இருந்தது. 2020 ஆகஸ்டு 4ஆம் நாள் பெய்ரூட் துறைமுகம் அதே பொருளால் வெடித்துச் சிதறிய பின்னரே, அது ஐதராபாத்துக்கு அகற்றப்பட்டது. இது தரவுத்தளப் பிழையால் நேர்ந்ததன்று. எனினும், மூடிய பெட்டகத்துள் இருப்பது யாதென அறிவிப்பது பதிவு ஒன்றே. அதில் ஒரு சொல் திரிந்தால், தீயணைக்க வருவோர் எதனை நம்பி நெருங்குவர்?

காவற் கருவிகள்: உரிமை வழங்கவும் திரும்பப் பெறவும் தரவுத்தள மொழியில் கட்டளைகள் உள. தேவையான பகுதியை மட்டும் காட்டும் 'பார்வை' என்னும் சாளரம் உளது. 1992இல் பெராயோலோ, கூன் ஆகியோர் விளக்கிய முறையில் உரிமை ஆளுக்கன்றிப் பொறுப்புக்கு அளிக்கப்படும். எனவே, பணி மாறியவரின் பழைய உரிமை உடனே நீங்கும். யார், எப்போது, எதனை மாற்றினார் எனத் தணிக்கைப் பதிவு குறித்து வைக்கும்.

ஆயினும், ஒரே கடவுச்சொல்லை ஐவர் பகிர்ந்துகொண்டால் இக்காவல் யாவும் வீணே. தணிக்கைப் பதிவு ஒருவர் பெயரைக் காட்டும்; செய்தவர் வேறொருவராயிருப்பார். நாளை இத்துறைமுக அலுவலகங்களில் பணியேற்கவிருக்கும் மாணவர்கள், தம் பெயரால் எழுதப்படும் ஒவ்வொரு பதிவும் தம் கையொப்பமே என உணர்வார்களாக.