பட்டறைக் கணக்குக்குச் சொந்த சர்வர்

திருவொற்றியூரில் லேத் பட்டறையோ ராயபுரத்தில் உதிரிபாகக் கடையோ வைத்திருப்பவர்கள், மும்பையில் உருவான திறமூலக் கணக்கு மென்பொருள் 'ஈஆர்பிநெக்ஸ்ட்'டைச் சொந்த சர்வரிலேயே நிறுவலாம். உரிமக் கட்டணம் கிடையாது. உபுண்டு போட்ட, 4 ஜிபி ரேம் கணினியில் தொடங்கலாம். ரூட் கணக்கில் நிறுவாதீர்கள். தனிப் பயனர் கணக்கு தொடங்குங்கள்.

பேக்கப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஈஆர்பிநெக்ஸ்ட்டின் 'பென்ச்' பேக்கப் கட்டளை சாதாரணமாக டேட்டாபேஸை எடுக்கும், பதிவேற்றிய கோப்புகளை எடுக்காது. பில் படங்களும் வேண்டுமென்றால் கோப்புகளையும் சேர்த்து எடுக்கச் சொல்ல வேண்டும். சைட் கான்ஃபிக் கோப்பிலுள்ள என்கிரிப்ஷன் சாவியையும் தனியே பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால், உள்ளே சேமித்த மின்னஞ்சல் கடவுச்சொற்கள் திறக்காது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளமே புகுந்தது. அதனால் சர்வர் பெட்டி தரையில் வேண்டாம். உயரமான பலகையில் வையுங்கள். உப்புக்காற்று அடிக்கும் ஜன்னலோரமும் ஆகாது. பேக்கப் நகல் ஒன்று வெளியூரில் இருக்கட்டும்.