நேத்து ரேட்டைக் காட்டும் போன்

லீவுக்கு ராசிங்காபுரம் போனப்ப சித்தப்பா போனை நீட்டினாரு. "ரெண்டு நாளா ஏலக்காய் ரேட்டு அப்படியே நிக்குதேப்பா?" போடியில நறுமணப் பொருள் வாரியத்தோட மின்-ஏலம் நடந்துகிட்டுதான் இருக்கு. நின்னது பிரவுசர். அந்த ரேட்டை நம்பி காயை வித்திருந்தா?

காரணம் கேச். ஒரு தளத்தோட படம், ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் பிரவுசர் சேமிச்சு வச்சுக்கும். சர்வர் 'மேக்ஸ்-ஏஜ்=86400'னு சொல்லிட்டா, 86400 நொடி, அதாவது ஒரு நாள் முழுக்க அந்தக் கோப்பை மறுபடி கேட்காது. விலைப் பட்டியல் தனிக் கோப்பா வந்தா, குரோம்ல சாதாரண ரீலோடு போட்டாலும் பழசே வரலாம்.

லேப்டாப்ல முதல்ல கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அடிங்க; அந்தப் பக்கத்துக்கு மட்டும் எல்லாம் புதுசா இறங்கும். போதலைன்னா கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டெலிட். குரோம், ஃபயர்பாக்ஸ் ரெண்டுலயும் வேலை செய்யும். இங்கதான் நம்ம பசங்க அவசரப்படுவாங்க: குக்கீஸ் டிக்கை எடுத்துடுங்க, இல்லைன்னா எல்லா லாகினும் போயிடும். 'கேச்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்' மட்டும் இருக்கட்டும். கால அளவு 'ஆல் டைம்'.

ஆண்ட்ராய்டு குரோம்ல மூணு புள்ளி, 'டெலிட் பிரவுசிங் டேட்டா', அதே டிக். அழிக்கிறதுக்கு முன்னாடி இன்காக்னிட்டோல அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்க. அங்க புது ரேட்டு வந்தா, குற்றவாளி கேச்தான். ஐபோன் சஃபாரில 'கிளியர் ஹிஸ்டரி அண்ட் வெப்சைட் டேட்டா' அமுக்கினா ஹிஸ்டரி, குக்கீஸ் எல்லாம் சேர்ந்து போயிடும், பார்த்து.

சித்தப்பா போன்ல அழிச்சதும் புது ரேட்டு வந்துச்சு. மூட்டை இன்னும் வீட்லதான் இருந்துச்சு.